வலது செவியும் வினைக்கணக்கும்

கோயமுத்தூருக்கு மேற்கே, நொய்யலாற்றங்கரையில் பட்டீசுவரர் கோயில் கொண்டிருக்கும் பேரூரைப் பற்றிக் கொங்கு நாட்டார் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் ஐந்து அதிசயங்களில், இறவாத பனையையும் பிறவாத புளியையும் அறியாதவர் இந்தப் பக்கத்தில் இல்லை; அங்கே சாணத்தில் புழு உண்டாவதில்லை என்பதையும், ஆற்றில் இடப்பட்ட எலும்பு கல்லாகிவிடும் என்பதையும் முதியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம்; ஆயினும், ஐந்தாவதாகச் சொல்லப்படுவதுதான் சிந்திப்பவனைச் சற்றே தடுத்து நிறுத்துவது. அந்த க்ஷேத்திரத்தில் உயிர் நீக்கும் எவரும் மரணத் தறுவாயில் தம் வலது செவி மேல்நோக்கியிருக்கும்படியே கிடப்பார்கள் என்றும், அச்செவியில் சிவபெருமானே திருவைந்தெழுத்தை ஓதி அவ்வுயிரைக் கரையேற்றுகிறான் என்றும் ஸ்தல ஐதிகம் கூறுகிறது. காசியைப் பற்றியும் விருத்தாசலத்தைப் பற்றியும் இதையொத்த நம்பிக்கை உண்டு. முன்னோர் கடன் கழிக்க ஆடி அமாவாசையன்று பேரூர்ப் படித்துறையில் கூடும் ஜனத்திரளில் பெரும்பாலோர் மனத்தின் அடியில் இந்த நம்பிக்கை இருக்கத்தான் செய்கிறது.

அங்ஙனமாயின், செவி கேளாதவனுடைய கதி என்ன? இறைவனே வந்து ஓதினாலும் வாங்கிக்கொள்ளும் இந்திரியம் மூடிக்கிடக்குமாயின், அந்த உபதேசம் எங்கே போய்ச் சேரும்? இதை விதண்டாவாதம் என்று தள்ளிவிடுவது எளிது. ஆனால் பிறவியிலே அன்றி, வாழ்வின் நடுவில், இன்னதென்று தெரியாத ஒரு நோயினால் கேள்வியை இழந்தவன், தேவாரத்தை ஓதுவார் வாயினின்று கேட்டுக் கேட்டே பக்தி வளர்த்தவன், இதே கேள்வியைக் கண்ணீரோடு கேட்பானாயின் அவனுக்கு நாம் விடை சொல்லக் கடமைப்பட்டவர்கள்.

அத்தகைய நோய் ஒன்று உண்டு. கிரிப்டோகாக்கஸ் என்னும் பூஞ்சை மூளையின் உறைகளைப் பற்றிக்கொள்வதால் வருவது அது. 1894-ஆம் ஆண்டில் இத்தாலியில் ஸான்ஃபெலீஸ் என்பவர் பீச்சுப் பழச்சாற்றிலும், ஜெர்மனியில் புஸ்ஸே என்பவர் நோயுற்ற ஒரு பெண்ணின் கால் எலும்பிலும் தனித்தனியே இந்த நுண்ணுயிரைக் கண்டார்கள். 1955-இல் அமெரிக்காவில் எம்மன்ஸ் என்பவர் புறாவின் எச்சத்தில் இது செழித்து வளர்வதை மெய்ப்பித்தார். புறாவின் உடற்சூடு நம்முடையதைவிட மிகுதியாதலால் அப்பறவைக்கு இதனால் பெரும்பாலும் தீங்கில்லை. எச்சம் உலர்ந்து தூளாகி நம் மூச்சில் கலக்கும்போதுதான் நமக்குத் தொல்லை. இதன் இனமான மற்றொரு பூஞ்சை மரப்பொந்துகளின் மக்கிய கட்டையில் வாழ்வது; ஆஸ்திரேலியாவில் யூகலிப்டஸ் மரத்திலும், நம் நாட்டில் நாவல், புளி முதலிய மரங்களின் பொந்துகளிலும் அதைக் கண்டிருக்கிறார்கள்; சென்னைக் கிண்டியிலுள்ள தேசியப் பூங்காவின் உயிருள்ள மரங்களிலும் இவ்விரு பூஞ்சைகளும் அகப்பட்டிருக்கின்றன. புறாவுக்காகத் தன் தசையை அரிந்து கொடுத்த சிபியைச் சோழர் குலத்து முன்னோனாகக் கொண்டாடிய நாடு, இதைக் கேட்டுப் புறாவுக்குத் தானியம் இறைப்பதை நிறுத்திவிட வேண்டியதில்லை. கூண்டையும் மாடத்தையும் உலர்ந்த எச்சம் பறக்க விடாமல் நீர் தெளித்து, வாயையும் மூக்கையும் மூடிக்கொண்டு சுத்தம் செய்தால் போதுமானது. இந்தத் தூளை நம்மில் பலர் இளமையிலேயே சுவாசித்திருக்கக்கூடும். சரீரத்தின் காவல் திடமாயிருக்கும்வரை அது சுவாசகோசத்தில் அடங்கிக் கிடக்கும். எச்.ஐ.வி. கிருமியாலோ, மாற்று உறுப்பு பொருத்திக்கொண்டவர்கள் உண்ணும் மருந்துகளாலோ, நெடுங்காலம் உண்ட ஸ்டீராய்டு மாத்திரைகளாலோ அக்காவல் தளரும்போது, அது இரத்தத்தின் வழியே மூளைக்கு ஏறுகிறது. மரத்தில் வாழும் இனமோ நல்ல தேகநிலையில் உள்ளவர்களையும் சில வேளை பற்றுவதுண்டு.

வாரக்கணக்கில் நீடிக்கும் தலைவலி, விட்டுவிட்டு வரும் காய்ச்சல், வாந்தி, பார்வை மங்கல், புத்தித் தடுமாற்றம் என்று நோய் மெல்ல மெல்ல ஏறுகையில் சிலருக்குக் கேள்வியும் போய்விடுகிறது. செவியின் மடலிலோ பறையிலோ இங்கே குற்றம் ஒன்றும் இல்லை. மூளையிலிருந்து உட்செவிக்குச் செல்லும் நரம்பு, எலும்புக்குள் குடைந்த ஒரு குறுகிய குகையின் வழியே போகிறது. மூளையைச் சூழ்ந்த நீரும் அக்குகைக்குள் பரவியிருப்பதால், அந்நீரில் பெருகிய பூஞ்சை நரம்பையும், அதன் வேராகிய அணுக்கூட்டத்தையும் சூழ்ந்து அழிக்கிறது. இந்நோயால் இறந்தோரின் பொட்டெலும்பை அறுத்து ஆராய்ந்த வைத்தியர்கள், ஒரே குகையில் அருகருகே செல்லும் இரண்டு நரம்புகளில், உடலின் சமநிலையை அறிவிக்கும் நரம்பைக் காட்டிலும் ஒலியை அறிவிக்கும் நரம்பே அதிகமாகச் சிதைந்திருக்கக் கண்டார்கள். நரம்பு முழுவதும் அழியாமல் எஞ்சியவர்களுக்கோ ஒரு விசித்திரமான நிலை வாய்க்கிறது: ஓசை கேட்கும், சொல் விளங்காது. கோயில் மணி ஒலிப்பது தெரியும். அர்ச்சகர் சொல்லும் நாமம் எதுவென்று தெரியாது.

நம்முடைய சமய வாழ்வோ பெரும்பகுதி செவியை நம்பியே நடப்பது. வேதம் எழுதாக்கிளவியாக வாய்மொழியிலேயே காக்கப்பட்டது. திருமுறை பண்ணோடு பாடிக் கேட்பதற்காகவே அமைந்தது. குரு மந்திரத்தைச் சீடனுடைய செவியில் உபதேசிக்கிறார். சித்தாந்த சாஸ்திரம் ஞான மார்க்கத்தின் படிகளைக் கேட்டல், சிந்தித்தல், தெளிதல், நிஷ்டை கூடல் என்று வகுக்கும்போது முதற்படியாகச் செவியையே வைக்கிறது. வள்ளுவரும் கல்விக்கும் கல்லாமைக்கும் அடுத்து, அறிவுடைமைக்கு முன்பாக, கேள்விக்கென்றே ஓர் அதிகாரம் ஒதுக்கினார். இந்தச் சிறப்பின் மறுபுறம் ஒரு கொடுமையும் வளர்ந்தது. பிறவிக் குருடனுக்கும் பிறவிச் செவிடனுக்கும் தாயபாகத்தில் பங்கில்லை என்று மனு ஸ்மிருதி விதித்தது. பிற்கால ஹிந்து சட்டமும் அதை வெகுகாலம் சுமந்துவந்து, 1928-ஆம் ஆண்டுச் சட்டத்தால் பெரும்பகுதியும், 1956-ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டத்தால் முற்றிலும் விலக்கிற்று. சொத்தில் விலக்கப்பட்டவன் சட்டத்தினால் மீண்டான்; அருளிலும் அவனை விலக்கிவைக்கும் எண்ணம் நம் மனத்தில் எங்கேயாவது ஒட்டிக்கொண்டிருக்குமாயின், அதற்குச் சட்டசபையில் மருந்தில்லை; சாஸ்திரத்திலேயே தேட வேண்டும்.

தேடினால் கிடைக்கிறது. முதலாவதாக, பேரூர் ஐதிகத்தையே ஊன்றிக் கேட்க வேண்டும். வலது செவி மேலாகக் கிடப்பது மனிதன் மட்டும் என்று சொல்வோர் சொல்வதில்லை. அங்கே இறக்கும் பிற ஜீவராசிகளுக்கும் அவ்வாறே என்கிறார்கள். எறும்புக்கு நம்மைப்போல் செவி ஏது? ஆட்டுக்கும் மாட்டுக்கும் செவி உண்டெனினும் ஐந்தெழுத்தின் பொருளை அவை எப்படி அறியும்? ஆகவே, அந்த நம்பிக்கையை முதன்முதலில் சொன்னவன், கேட்பவனுடைய திறமையைக் கருதிச் சொல்லவில்லை. ஓதுபவனுடைய கருணையைக் கருதியே சொன்னான் என்பது வெளிப்படை.

இரண்டாவது, சைவ ஆகமங்கள் வகுத்த தீக்ஷை வகைகள். குரு தம் கண்ணோக்கால் செய்வது நயன தீக்ஷை; கரத்தால் தீண்டிச் செய்வது பரிச தீக்ஷை; சீடன் உயிரைத் தம் பாவனையில் கொண்டு செய்வது மானச தீக்ஷை; மந்திரத்தைச் செவியில் ஓதிச் செய்வது வாசக தீக்ஷை; இவற்றோடு சாத்திரம், யோகம், ஔத்திரி என்பனவும் சேர்ந்து ஏழு. ஏழில் செவி இன்றியமையாதது எது என்று எண்ணிப் பார்த்தால், வாசகம் ஒன்றே தவிர்க்கமுடியாதபடி அதை நம்பி நிற்கிறது. கண்ணும் தீண்டலும் பாவனையும் அதை வேண்டுவதேயில்லை. ஜபத்தின் தரத்தைச் சொல்லுமிடத்தும், பிறர் கேட்க உச்சரிப்பதைவிடத் தன் உதட்டளவில் உச்சரிப்பது உயர்வு, அதைவிட மனத்தளவில் நினைப்பது உயர்வு என்றே சொன்னார்கள். செவிக்கு எட்டுவதைக் கடைசியில் வைத்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒவ்வொரு சிவாலயத்திலும் தெற்குச் சுவரில் கல்லாலின் கீழ் அமர்ந்திருக்கும் மூர்த்தி இருக்கிறார். சனகாதி முனிவர் நால்வரும் கேட்ட சந்தேகத்துக்கு அவர் வாய் திறந்து விடை சொல்லவில்லை. சின்முத்திரையைக் காட்டினார், முனிவர் தெளிந்தார் என்பது புராணம். வியாழக்கிழமைதோறும் கொண்டைக்கடலை மாலை சாத்தி அவரை வழிபடும் நாம், உபதேசங்களில் எல்லாம் உயர்ந்த உபதேசம் கையினால் சொல்லிக் கண்ணினால் வாங்கப்பட்டது என்பதை ஏனோ எண்ணிப் பார்ப்பதில்லை. கிறிஸ்தவ வேதத்திலும், மாற்கு எழுதிய சுவிசேஷத்தின் ஏழாம் அதிகாரத்தில், செவிடன் ஒருவனை ஏசு கூட்டத்தினின்றும் தனியே அழைத்துச் சென்று, முதலில் அவன் காதுகளில் தம் விரல்களை வைத்தார் என்று வருகிறது. கேளாதவனோடு பேசத் தொடுகையே ஏற்ற மொழி என்று இரு சமயத்தாரும் கண்டிருக்கிறார்கள்.

இவ்வளவில் கேள்வியின் ஒரு பாதி தீர்ந்தது. எளிதான பாதி அதுதான். மற்றது வினையைப் பற்றியது.

கொங்கு நாட்டு வீடுகளில் நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள், திண்ணையில் உட்கார்ந்து ஒரு டம்ளர் காப்பியோ மோரோ குடித்துவிட்டு, "என்னங்க பண்றது, கெரகமுங்க, முன் சென்மத்துல செஞ்சது" என்று சொல்லி எழுந்து போவார்கள். கெட்ட எண்ணத்தால் சொல்வதன்று. வேறு சொல்லத் தெரியாமல் சொல்வது. கேள்வி இழந்தவன் முன்னால் என்றால், அவனுக்குக் கேட்காது என்ற தைரியத்தில் குரலைத் தாழ்த்தவும் மாட்டார்கள். அவனோ முகங்களைப் படிக்கக் கற்றுக்கொண்டவன். உதட்டசைவு புரியாவிட்டாலும், தன்னைப் பற்றி ஒரு தீர்ப்பு சொல்லப்பட்டுவிட்டது என்பது அவனுக்குப் புரிந்துவிடுகிறது.

இந்தப் பூஞ்சைநோயின் விஷயத்தில் அத்தீர்ப்பு இன்னும் கொடியதாயிற்று. 1986-இல் சென்னையில் எச்.ஐ.வி. முதன்முதலாக இந்தியாவில் கண்டறியப்பட்ட பின், லாரித் தொழிலின் தலைநகரமாகிய நாமக்கல்லின் பெயர் அந்நோயோடு சேர்த்து நாடெங்கும் பேசப்பட்ட காலம் ஒன்று இருந்தது. 2004 ஏப்ரலில் அரசாங்கம் கூட்டுமருந்தை இலவசமாகக் கொடுக்கத் தொடங்குமுன், அக்கிருமி கண்டவர்களில் பலரைக் கடைசியில் கொண்டுபோன நோய்களில் இந்த மூளைக்காய்ச்சலும் ஒன்று. அவர்களைப் பற்றி ஊரார் முன் ஜன்மத்தைத் தேடிப் போகவேயில்லை. இந்த ஜன்மத்திலேயே காரணத்தைக் கண்டுவிட்டோம் என்று விரல் நீட்டினார்கள். கணவன் வழியாக நோய் பெற்று, அவனை அடக்கம் செய்துவிட்டுத் தானும் தலைவலியோடு படுத்த பெண்ணுக்கு அந்த விரல் எந்தக் கணக்கைக் காட்டிற்று? வினைக்கொள்கை தவறென்று நான் சொல்ல வரவில்லை. அதன் இலக்கணத்தை நாம் மறந்துவிட்டோம் என்றே சொல்கிறேன். அது ஒருவன் தன்னைக் குறித்துத் தானே சொல்லிக்கொள்ள வேண்டிய கொள்கை. நாவுக்கரசர் தம்முடைய சூலைநோயைத் தாம் செய்த கொடுமைகளின் பயனாகக் கருதி இறைவன் முன் கதறினார். அக்கதறலே அவருடைய ஞானத்தின் தொடக்கமாயிற்று. வேறொருவன் அவருடைய படுக்கையருகே நின்று அதே வாக்கியத்தைச் சொல்லியிருந்தால் அது ஞானமாகாது, வசையாகும். அவருடைய தமக்கை திலகவதியார் செய்ததென்ன? திருநீறு கொடுத்தார், திருவதிகைக் கோயிலுக்கு உடன் அழைத்துச் சென்றார். சித்தாந்திகள் துன்பத்தை மறக்கருணை என்று சொல்வதும் இவ்வாறே: பட்டவன் பின்னால் திரும்பிப் பார்த்துச் சொன்னால் அது அனுபவம், பக்கத்திலிருப்பவன் முந்திக்கொண்டு சொன்னால் அது கல்நெஞ்சம்.

வினையின் பெயரால் வாளாவிருப்பதை மறுப்பதற்குக் கொங்கு நாட்டார் வெளியே போய்ப் பிரமாணம் தேட வேண்டியதில்லை. கொடிமாடச் செங்குன்றூர் என்று அந்நாளில் வழங்கிய திருச்செங்கோட்டில் ஞானசம்பந்தர் அடியாரோடு தங்கியிருந்தபோது, பனிக்காலத்துக் குளிர்சுரம் அவருடன் வந்தவர்களைப் பற்றிற்று; அப்போது அவர் பாடியது திருநீலகண்டப் பதிகம் என்று பெரிய புராணம் கூறுகிறது. அப்பதிகத்தின் தொடக்கமே ஒரு வாதம். இன்ன வினைக்கு இன்ன துன்பம் என்று கணக்குச் சொல்லத் தெரிந்தவர்களே, கணக்குச் சொல்லிவிட்டுப் பிழைக்கும் வழியைத் தேடாமல் இருப்பது உங்களுக்குக் குறையல்லவா என்று அவர் தம் அடியாரையே இடித்துக் கேட்கிறார். சுரம் கண்டவர்களில் ஒருவரைக்கூட நீ என்ன பாவம் செய்தாய் என்று அவர் விசாரிக்கவில்லை. அடியாரைவிட்டு மட்டுமன்றி அந்நாட்டையே விட்டுச் சுரம் நீங்கியது என்று புராணம் முடிக்கிறது. பதிகத்தின் பலனில் நம்பிக்கை இல்லாதவரும் அதன் வாதத்தை மறுக்க முடியாது என்பது என் துணிபு. சைவ மரபு நோயைக் குறித்துப் பேசிய இடங்களில் இதைவிட ஆண்மையான இடம் வேறொன்றை நான் அறியேன். அது பிறந்தது நம் மண்ணில்.

எனினும் ஒரு முள் எஞ்சுகிறது. அதை மறைப்பது நேர்மையாகாது. ஆன்மா இருளில் கிடப்பதால், அது அறிவு பெறும்பொருட்டு உடம்பையும் இந்திரியங்களையும் மாயையினின்று இறைவன் ஆக்கித் தருகிறான் என்பது சித்தாந்தம். உமாபதி சிவாசாரியர் மாயையை விடியும்வரை உதவும் விளக்காக வைத்துத் திருவருட்பயனில் உவமித்தார். விடிவதற்கு முன்பே, நடு இரவில், விளக்கின் ஒரு திரி அணைந்தால்? அணைப்பது அறிவும் நோக்கமும் அற்ற ஒரு பூஞ்சை. கேள்வியோடு சில வேளை புத்தியையும் கலக்கி, மானச ஜபத்துக்கும் இடமில்லாமல் செய்துவிடுகிற பூஞ்சை. அது மக்கிய மரத்தை மண்ணாக்குவதற்காக ஏற்பட்டது, மூளைக்கு அது வந்தது வழிதவறி என்று உயிரியல் சொல்லும். அந்த வழிதவறலும் இறைவன் ஆணைக்கு உட்பட்டதே என்று சமயம் சொல்லும். இரண்டும் சேர்ந்தாலும் படுக்கையில் கிடப்பவனுக்கு விடையாவதில்லை. மெய்கண்டார் உடம்பும் இந்திரியமும் அந்தக்கரணமும் ஆன்மா அல்ல என்று ஒவ்வொன்றாகக் கழித்துக் காட்டியது இங்கே ஓரளவு துணை செய்கிறது: செவி போனாலும், நினைவு குழம்பினாலும், அவன் குறைந்த மனிதன் ஆகிவிடவில்லை. ஏன் போயிற்று என்பதற்கு அதுவும் விடையன்று. விடை இல்லாத இடத்தில் விடை இருப்பதுபோல் பேசுவதே சமயவாதிகள் செய்யும் பெரும்பிழை என்று நினைக்கிறேன். சுந்தரர் தம் கண்கள் மறைந்தபோது இறைவனைப் புகழ்ந்து சமாதானம் அடைந்துவிடவில்லை. ஊர் ஊராகச் சென்று வழக்காடினார், ஏசினார், கேட்டு வாங்கினார். அவரைத் தம்பிரான் தோழர் என்று போற்றும் மரபு, நோயாளியின் கோபத்தையும் பக்தியாக ஏற்றுக்கொள்ளத் தகுந்த மரபு.

ஆகவே, பிழைக்கும் வழியைப் பற்றிச் சில வார்த்தைகள். 1950-களின் நடுப்பகுதிவரை இந்த மூளைக்காய்ச்சல் கண்டவர் பிழைப்பது அரிதிலும் அரிது. அப்போது வெனிசுவேலா நாட்டில் ஒரினோகோ ஆற்றங்கரை மண்ணில் வாழும் நுண்ணுயிர் ஒன்றிலிருந்து ஆம்ஃபோடெரிசின்-பி என்னும் மருந்து பிரித்தெடுக்கப்பட்டது. குளிர்நடுக்கமும் சிறுநீரகத் தொல்லையும் தரும் கடுமையான மருந்துதான்; கொழுப்பில் பொதிந்து தரும் இக்காலத்து வடிவம் அத்தொல்லைகளைப் பெரிதும் குறைத்திருக்கிறது. அதனுடன் ஃப்ளூசைட்டோசினும், பிறகு பல மாதம் ஃப்ளூகோனசோலும் கொடுக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2022-இல் வெளியிட்ட அபாயகரமான பூஞ்சைகளின் பட்டியலில் இது முதல் வரிசையில் இருக்கிறது, எச்.ஐ.வி. உடையோரில் மாத்திரம் உலகெங்கும் ஆண்டுக்கு ஏறக்குறைய 1,12,000 பேர் இதனால் மாள்வதாக அதே ஆண்டில் வெளிவந்த மதிப்பீடு ஒன்று கூறுகிறது. மருந்து காலத்தில் தொடங்கினால் உயிர் மட்டுமன்றி, சிலருக்குப் போன கேள்வியும் ஓரளவு திரும்புகிறது. நரம்பு முற்றிலும் சிதைந்த பின் தொடங்கினால் உயிர் மிஞ்சும், செவி மிஞ்சாது.

நோயைக் கண்டறியும் முறை மிகப் பழையது, மிக எளியது. முதுகுத் தண்டிலிருந்து சிறிது நீர் எடுத்து, அதனோடு இந்திய மை என்று பெயர் பெற்ற கறுப்பு மையைக் கலந்து நுண்பெருக்கியில் பார்த்தால், மை ஏறாத தடித்த உறையோடு அந்தப் பூஞ்சை இருட்டில் வெள்ளை வளையமாகத் தெரியும். ஒரு துளி இரத்தத்திலேயே காட்டிவிடும் பட்டைச் சோதனையும் இப்போது வந்துவிட்டது. ஆனால், "முதுகுல தண்ணி எடுத்தா கை கால் வெளங்காமப் போயிருமுங்க" என்ற பயம் நம் ஊர்களில் இன்னும் போகவில்லை. அந்தப் பயத்தில் கையெழுத்துப் போட மறுத்து நோயாளியை வீட்டுக்கு அழைத்துப் போகிறவர்கள் உண்டு. தேர்ந்த மருத்துவர் முன்சோதனை செய்து எடுத்தால் கை கால் விழுவதில்லை. மாறாக, மூளைக்குள் ஏறியிருக்கும் நீரின் அழுத்தத்தை அவ்வாறு எடுத்துக் குறைப்பது இந்நோய்க்குச் சிகிச்சையின் ஒரு பாகமே ஆகும்.

வீட்டில் எவருக்கேனும் தலைவலி இரண்டு மூன்று வாரமாக விடாமலிருந்து, அதனோடு காது மந்தமாகிறது என்று அவர் சொன்னால், மந்திரிக்கவும் அழைத்துச் செல்லுங்கள், மனம் கேட்கவில்லையென்றால் ஜாதகத்தையும் பாருங்கள். ஆனால் அன்றைக்கே கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, அருகிலுள்ள மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கோ அழைத்துப் போய், முதுகுத் தண்டு நீர்ச் சோதனை வேண்டுமா என்று நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள். கேள்வி போன பின் ஒருவரைப் பார்க்கப் போகிறவர்கள், பழத்தோடு ஒரு நோட்டுப் புத்தகமும் பேனாவும் எடுத்துச் செல்லுங்கள். சொல்ல வந்ததை அதில் எழுதிக் காட்டுங்கள். எழுதிக் காட்டக் கூசும் எதையும் அவர் எதிரில் வாயாலும் பேசாதீர்கள்.